வடக்கின் பெருஞ்சமர்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டில் தொடங்கி, யுத்த காலத்தில் சில வருஷங்கள் தடைப்பட்டும் அற்றுப்போகாமல் நடந்து வருகிற கிரிக்கெட் போட்டியை, பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுத்தானே என்று எண்ணி ஒருவர் காணச் செல்வாராயின், பாண்டு வாத்தியம் முழங்க, கொடிகள் அசைய, நரைத்த தலையுடைய பழைய மாணவர்கள் தம் பிராயத்தையும் உத்தியோகத்தையும் ஒருங்கே மறந்து கூத்தாடுவதைக் கண்டு பிரமித்துப் போவார். 'வடக்கின் பெருஞ்சமர்' என வழங்கும் இப்போட்டி மூன்று தினங்கள் நீடிப்பது. இறுதி நாள் பிற்பகலில், வெற்றிக்கு வழியற்ற அணி சமநிலையாவது வாய்க்கட்டும் என்று போராடுகையில், துடுப்பாட்டக்காரர்களின் இறுதி வரிசையில் வந்த சிறுவன் ஒருவன், செவியைப் பிளக்கும் ஆரவாரத்தின் மத்தியில், தன்னைச் சுற்றி நெருங்கி நிற்கும் களத்தடுப்பாளர்களைப் பொருட்படுத்தாது, சுழன்று வரும் பந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்து நிறுத்தும் நிதானமே, ஆறு ஓட்டங்களுக்கு விளாசும் சாகசத்தைக் காட்டிலும் என் மனத்துக்கு உகந்தது. ஓட்டமில்லாத ஆட்டம் சுவையற்றது என்பார் இதற்கு உடன்படமாட்டார். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களும் இப்போட்டிக்கென்றே ஊர் திரும்புவதுண்டு. வழக்கமாக மார்ச் மாதத்தில் நடைபெறுவதால் வெயில் உக்கிரமாயிருக்கும். செல்வோர் குடை கொண்டு போவது உத்தமம்.