மகப்பேறும் இல்லறக் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மகப்பேறும் இல்லறக் கடமையும் என்னும் பொருள்பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்துள்ளார்கள். இப்படியான ஒரு விஷயத்தைச் சபையிலே, அதுவும் இளைஞர் நடுவிலே, பேசலாமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். அவர்களுக்கு மணிவாசகப் பெருமானையே நான் சாட்சியாக அழைக்கின்றேன். தாயின் கருப்பையிலே சிசு மாதந்தோறும் தப்பிப் பிழைத்து வருகின்ற இடர்களைப் போற்றித் திருவகவலிலே அப்பெருமான் வரிசையாகக் கூறியிருக்கின்றார். திருமூல நாயனாரும் திருமந்திரத்தின் இரண்டாந் தந்திரத்திலே கர்ப்பக் கிரியை எனத் தனியொரு பகுதியே வைத்திருக்கின்றார். நாம் பக்தியோடு ஓதுகின்ற நூல்கள் கூசாது கூறிய விஷயத்துக்கு நாம் கூச வேண்டுவதில்லை.

வள்ளுவர் மக்கட்பேற்றை எந்த இடத்தில் வைத்தார் என்பதையும் நினைவுகூருங்கள். வாழ்க்கைத் துணைநலத்துக்குப் பின்னும் அன்புடைமைக்கு முன்னும் அதனை வைத்தார். துணையும் அன்பும் இருபுறமும் நிற்க, நடுவிலே பிள்ளை. ஆனால் நம்முடைய வீடுகளிலே நடப்பது என்ன? பிள்ளை பிறக்கத் தாமதமானால் முதலிலே போவது அந்த அன்பு; அடுத்துத் தளர்வது அந்தத் துணை.

கலியாணமாகி ஆறு மாதஞ் செல்வதற்குள் கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலும் கேள்வி எழுந்துவிடுகின்றது. "ஏதேனும் விசேஷமுண்டோ?" என்கிறார் ஒருவர். "இன்னும் ஒன்றுமில்லையோ?" என்கிறார் மற்றொருவர். இந்தக் கேள்வியைப் பெண்ணிடமே கேட்கின்றார்கள். மாப்பிள்ளையிடம் எவருங் கேட்பதில்லை. மலடி என்ற கொடுஞ்சொல் ஊரில் எல்லார் வாயிலும் இருக்கின்றது. மலடன் என்றும் ஒரு சொல் உண்டு. அது அகராதியிலே பத்திரமாக உறங்குகின்றது.

உண்மை இதற்கு மாறானது. பிள்ளையில்லாத தம்பதிகளிலே ஏறக்குறையப் பாதிப் பேரில் ஆணின் பக்கத்துக் காரணம், தனியாகவோ பெண்ணின் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ, காணப்படுகின்றது. இது அரிதான நோயுமன்று. வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்பொழுதாவது இக்குறையை அனுபவிக்கின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஆறிலொன்று என்றால் இம்மண்டபத்தின் ஒவ்வொரு வரிசையிலும் இத்துன்பத்தை அறிந்த ஒருவராவது இருக்கக்கூடும். ஆகையால் நாம் பேசுஞ் சொற்களை அளந்து பேசுதல் வேண்டும். 

குறை எங்கெங்கே இருக்கலாம்? பெண்ணிடத்தே மாதந்தோறும் சினைமுட்டை வெளிப்படாமலிருக்கலாம். அதனைக் கொண்டுசெல்லுங் குழாய் அடைபட்டிருக்கலாம். கருப்பையின் உள்ளுறை போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்ந்து நோவு தரலாம். ஆணிடத்தே விந்தணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், அவை நீந்தும் வலி குன்றியிருக்கலாம், வழி அடைபட்டிருக்கலாம். பருவமடைந்தபின் வந்த கூகைக்கட்டு விதையைத் தாக்கியிருக்கலாம். விதைப்பையின் நாளங்கள் புடைத்திருக்கலாம். புகைத்தல், மதுபானம், மிகை உடற்பருமன் ஆகியவையுங் கேடு செய்யும். உடற்பயிற்சிக் கூடங்களிலே தசை பெருக்குவதற்காகச் சிலர் ஏற்றிக்கொள்ளும் ஓமோன் ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடவல்லது. புறத்தே பயில்வான், அகத்தே வறுமை! இவ்வூசியைத் தொடாதிருக்கும்படி வாலிபர்களை விசேஷமாகக் கேட்டுக்கொள்கின்றேன். சில தம்பதிகளில் எவ்வளவு தேடியும் காரணம் புலப்படுவதில்லை என்பதையுஞ் சொல்லவேண்டும்.

பரிசோதனையிலும் ஒரு நியாயம் உண்டு. பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கான், குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எனப் பல உண்டு; சில நோவு தருவன. ஆணுக்கு முதலில் வேண்டியது விந்துப் பரிசோதனை ஒன்றே. நோவில்லை, கத்தியில்லை, செலவுஞ் சொற்பம். அப்படியிருக்க, மனைவி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய் ஏறியிறங்கக் கணவன் வாசலிலே மோட்டார்ச் சைக்கிளில் காத்திருக்கும் காட்சியை நாம் காண்கின்றோம். ஏன்? ஆண்மைக்கு இழுக்கு வந்துவிடுமென்ற அச்சம். அன்பர்களே, விந்தணுக் குறைவு வேறு. ஆண்மைக் குறைவு வேறு. நல்ல திடகாத்திரனுக்கும் முன்னது இருக்கலாம். கண்பார்வை குறைந்தவன் கண்ணாடி போட்டுக்கொள்வதற்கு நாணுவதில்லையே!

நான் அறிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கின்றேன். கணவர் வளைகுடா நாடொன்றிலே தொழில் பார்ப்பவர். ஆண்டுக்கொருமுறை ஒரு மாத விடுமுறையில் வருவார். எட்டாண்டாகியும் பிள்ளையில்லை. அந்தப் பெண் நோற்காத விரதமில்லை, கட்டாத நூலில்லை, கேளாத ஏச்சுமில்லை. கடைசியிலே ஒரு வைத்தியர் இருவரையும் அழைத்து, "எட்டாண்டில் நீங்கள் சேர்ந்து வாழ்ந்தது எத்தனை மாதம்?" என்று கேட்டார். கூட்டிப் பார்த்தால் எட்டு மாதம்! மாதமொன்றிலே கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறு. வெளிப்பட்ட சினைமுட்டை ஒரு நாளுக்குமேல் உயிர்த்திருப்பதில்லை. விந்தணு ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். அந்த ஆறு நாளும் விடுமுறைக்குள் முழுதாக அகப்பட்டாலன்றோ? தடையின்றிச் சேர்ந்து வாழ்ந்து பன்னிரண்டு மாதமாகியும் கருத்தரியாதபோதே வைத்திய நூலார் அதனை மகப்பேறின்மை என்பர். அந்த அளவுகோலின்படி, எட்டாண்டு மலடியெனப் பட்டங்கேட்ட அந்தப் பெண்ணுக்கு ஓராண்டுகூட நிறைவேறவில்லை. குறை உடம்பிலோ அன்றிக் கணக்கிலோ என்று எட்டாண்டாக எவருங் கேட்கவில்லை. கடல்கடந்து உழைப்போர் நிறைந்த நமது சமூகம் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளுதல் அவசியம்.

சேர்ந்து வாழ்வோர் ஓராண்டு பார்த்தபின், மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதம் பார்த்தபின், வைத்தியரை நாடவேண்டும். வயது ஏறச் சினைமுட்டை குறையுமாதலால் இதிலே காலத்தாழ்வு ஆகாது.

தெய்வத்தை மறந்துவிடச் சொல்கின்றேனோ என்று பெரியோர்கள் எண்ணவேண்டாம். மெய்கண்ட தேவரின் வரலாற்றைப் பாருங்கள். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குப் பிள்ளையில்லை. குருவின் சொற்படி திருமுறையிலே கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அவர் மனைவியைத் தனியே அனுப்பிவைக்கவில்லை. கணவனும் மனைவியுமாகப் போய் முக்குள நீராடி வழிபட்டார்கள். சைவ சித்தாந்தத்தின் ஆசாரியர் அப்படி இருவருஞ் சென்ற வழியிலே வந்தவர். கந்தசஷ்டி வருங்காலத்தில், "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று பழமொழிக்குப் பொருள் சொல்வார்கள். நன்று. சஷ்டியில் இருக்கவேண்டியவர் மனைவி மாத்திரமோ? விரதமானாலும் வைத்தியமானாலும் இருவரும் சேர்ந்தே செய்க.

இனித் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பூப்புனித நீராட்டிலே ஆலாத்தி எடுக்கவும், கருப்பவதிக்கு வளையலிடவும், முப்பத்தோராம் நாள் பிள்ளையைக் கையில் வாங்கவும் பிள்ளையில்லாத பெண்ணை விலக்கிவைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கின்றது. எந்தச் சாஸ்திரத்தின் பேரில் இதைச் செய்கின்றோம்? அறுபத்துமூன்று நாயன்மாருள் பெண்பாலார் மூவர். காரைக்காலம்மையார் பிள்ளை பெற்றவரல்லர். மங்கையர்க்கரசியாரைத் தொண்டர் கூட்டத்திற் சேர்த்தது பாண்டி நாட்டிலே சைவத்தைக் காத்த திறம். இசைஞானியார் ஒருவரே சுந்தரரைப் பெற்ற தாயென்று போற்றப்படுகின்றார். அந்தச் சுந்தரரும் வளர்ந்தது எங்கே? நரசிங்க முனையரையர் அவரைக் கேட்டு வாங்கி அபிமான புத்திரராக வளர்த்தார். பெற்ற சடையனாரும் இசைஞானியாரும் நாயன்மார். வளர்த்த முனையரையரும் நாயனார். பெறுதலையும் வளர்த்தலையும் ஒரே வரிசையில் வைத்து வணங்குகின்ற சமயம் நம்முடையது.

ஆகவே, வைத்தியத்தால் ஆகாதபோது ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தலைத் தாழ்வென எண்ணற்க. ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமையிலேயே, உறவினர் சம்மதத்தோடு மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையை ஏற்கும் முறை எழுதப்பட்டுள்ளது. இன்று 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளை பெற்று இதனைச் செய்தல் வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாக, கைமாற்றாகப் பிள்ளை வாங்குதல் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பின்னாளிலே பெருந் துன்பந் தரும்.

விஞ்ஞானமும் வெகுதூரம் வந்துவிட்டது. உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதற் குழந்தை 1978ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25ஆந் தேதி இங்கிலாந்திலே பிறந்தது. அவ்வழியைக் கண்டவர்களுள் ஒருவரான ரொபேட் எட்வேட்ஸ் 2010இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் அது பெருஞ் செலவுள்ளது. ஒவ்வொரு முறையும் பலிப்பதுமில்லை. காணியை ஈடுவைப்பதற்கு முன் எளிய பரிசோதனைகள் இருவருக்கும் முடிந்தனவா என்று கேளுங்கள். பலன் நிச்சயமென்று வாக்களிக்கும் விளம்பரத்தை நம்பற்க.

கரு உண்டாயிற்று எனில் கணவனின் கடமை தீர்ந்ததன்று, அங்கேதான் தொடங்குகின்றது. போலிக் அமிலம் கருத்தரிக்குமுன்னரே தொடங்கி முதல் மூன்று மாதமும் உட்கொள்ளப்படின், சிசுவின் முள்ளந்தண்டிலும் மூளையிலும் உண்டாகும் பிறவிக் குறைகள் பெரும்பாலுந் தடுக்கப்படும். குடும்பநல மருத்துவமாதிடம் காலந்தாழ்த்தாது பதிவு செய்க. கிளினிக்குக்குக் கணவனும் கூடப் போகட்டும். கருக்கலைந்தால், படியேறினாய், பாரந்தூக்கினாய் என்று அவளைக் குற்றஞ்சாட்டற்க. தொடக்க மாதங்களிற் கலையும் கருக்களிற் பல, கருவின் நிறமூர்த்தங்களிலேயே உண்டான பிழையினால் கலைகின்றன. அவள் இழந்தது ஒரு பிள்ளையை. அவளுக்கு வேண்டியது ஆறுதல்.

வாலிபர்களே, இன்று இம்மண்டபத்தை விட்டுப் போகுமுன் மூன்று தீர்மானங்களை மனத்திற்கொள்ளுங்கள். பரிசோதனை வேண்டுமெனில் மனைவியோடு நானும் அன்றே போவேன். என் மனைவியை எவரும், அவர் என் தாயாகவே இருப்பினும், பழிச்சொல் சொல்ல நான் வாளாவிருக்கேன். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அக்கினி சாட்சியாகப் பற்றிய கையை விடேன்.

பெரியோர்களே, உங்களிடம் ஒன்றே கேட்கின்றேன். அடுத்த கலியாண வீட்டிலே பிள்ளையில்லாத ஒரு மகளைக் காணும்போது, "விசேஷமுண்டோ?" என்று கேளாதீர்கள். "சுகமாயிருக்கின்றாயோ, பிள்ளை?" என்று கேளுங்கள். ஆலாத்தித் தட்டை அவள் கையிலே கொடுங்கள்.