தொட்டிலில் தொடங்குக தமிழிசை!

(செம்பரம்பாக்கத்தில் பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய உரை)



இங்கு அமர்ந்திருப்போருள் பலருக்கு மகனோ மகளோ கடல் கடந்த நாட்டில் வாழ்தல் கூடும். பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் அத்தகைய வீடுகள் இன்று மிகுதி. மாலைதோறும் கைப்பேசித் திரையில் பேரப்பிள்ளையின் முகங்கண்டு மகிழ்கின்றீர்கள். அப்பிள்ளை எந்த மொழியின் ஓசைக்குத் தலையசைக்கின்றது, எந்தப் பாட்டிற்குக் கால் பெயர்க்கின்றது என்று எண்ணிப் பார்த்தீர்களா? அதுபற்றியே சில சொல்ல விழைகின்றேன்.

குழவிக்கு இசையும் ஆடலும் கற்பிக்கப்படுவன அல்ல. வீட்டிலேயே அது கண்டெடுப்பன. அடுக்களையில் கரண்டி ஏனத்தில் படும் ஓசை, துணி துவைக்கும் பொறியின் சுழலோசை, சாளரத்தில் விழும் மழையின் ஓசை ஆகிய எல்லாம் அதற்குப் பறைதான். கனடாவின் பனிக்காலத்தில் அடைத்த கதவுக்குள் வளரும் பிள்ளையும், இந்த ஏரிக்கரையில் மண்ணளைந்து வளரும் பிள்ளையும் இதில் வேறல்லர்.

இதை நம் முன்னோர் நுட்பமாக அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழின் பருவங்களை நோக்குங்கள். ஐந்தாந் திங்களில் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து குழவி அசைந்தாடும் பருவம் அது. தால் என்பது நா; நாவசைத்துப் பாடுவதே தாலாட்டு. ஒன்பதாந் திங்களில் சப்பாணி. இரு கையும் சேர்த்துக் கொட்டுதல். பின்னர்ச் சிறுபறை முழக்குதல். பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். ஆடலும் தாளமும் இசையும் குழவியிடம் தோன்றும் வரிசையையே இலக்கியத்தின் உறுப்புகளாக்கிய மொழி நம் மொழி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பிள்ளைத்தமிழ் பாடினார்.

இற்றை அறிவியலும் இதனருகே வந்து நிற்கின்றது. 2010-ஆம் ஆண்டில் சென்ட்னர், ஈரோலா என்னும் ஆய்வாளர் இருவர், ஐந்து திங்கள் முதல் இரண்டாண்டு வரை அகவையுள்ள 120 குழவியரை ஆய்ந்து வெளியிட்டனர். பேச்சைக் கேட்கையில் அசைந்ததினும் இசையையும் தாளத்தையும் கேட்கையில் அவர்கள் மிகுதியாக அசைந்தாடினர். தாளத்தோடு அசைவு ஒத்துவந்த பிள்ளைகள் மிகுதியாகப் புன்முறுவல் செய்தனர். அன்றே நாம் ஆய்வுக்கூடம் வைத்திருந்தோம் என்று வீண்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. உற்றுநோக்கிய தாயின் கண்ணும் ஆய்வாளரின் கருவியும் ஒன்றையே கண்டன என்பதற்காகச் சொல்கின்றேன்.

இனி, அச்சந்தரும் செய்தியொன்று. 1984-ஆம் ஆண்டில் வெர்க்கர், டீசு என்னும் இருவர் கனடாவிலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆறேழு திங்கட் குழவி, தான் கேட்டறியாத மொழியின் ஒலிகளையும் பிரித்துணர்கின்றது. ஓராண்டு நிறையுமுன்னரே அவ்வாற்றல் பெரிதும் குறைந்து, நாளும் கேட்கும் மொழியின் ஒலிகளிலேயே செவி படிந்துவிடுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. பிற்காலத்தில் முயன்று கற்கவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் இயல்பாக வருவது பிறகு உழைப்பால் வரவேண்டியதாகின்றது. லகர ளகர ழகர வேறுபாடும், ணகர னகர வேறுபாடும் தொட்டிலிலேயே செவிபுக வேண்டியவை. "ஐந்து அகவை ஆகட்டும், கிழமை இறுதியில் தமிழ் வகுப்பிற்கு அனுப்புவோம்" என்போர் இதை எண்ண வேண்டும்.

காலந்தாழ்த்தினால் என்னாகும் என்பதற்கு வரலாறு உண்டு. 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து கூலியாட்களை ஏற்றிச் சென்ற துரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பனை அடைந்தது. அம்மக்களின் வழியினரிடத்துக் காவடியும் வழிபாட்டுப் பாடலும் இன்றும் உள்ளன. வீட்டுப் பேச்சோ பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது. இரீயூனியன் தீவில் நம் தெருக்கூத்தின் வழிவந்த ஆட்டம் இன்றும் உண்டு. தெருவிலும் வீட்டிலும் வழங்குவதோ கிரியோல். பாட்டு, பேச்சைக் காட்டிலும் நீண்டநாள் வாழ்கின்றது. ஆயினும் பேச்சற்ற பாட்டு பொருளறியாத ஒலியாகி விடுகின்றது.

1983-க்குப் பின் ஈழத்திலிருந்து சிதறிய நம் உறவுகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஆடல், இசை வகுப்புகளை அரும்பாடுபட்டு நடத்துகின்றனர். அது போற்றற்குரியது. ஆனால் வகுப்பிற்கு முன்னது வீடு. அரங்கேற்றத்தன்று தான் ஆடும் பாட்டின் பொருளை அப்பெண் பிறரைக் கேட்டு அறியும் நிலை வரலாமா? 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது மேடையில் தமிழுக்கு இடங்கேட்டு. இன்று தொட்டிலிலும் இடங்கேட்க வேண்டியுள்ளது!

வெளிநாட்டாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நம் தெருவிலேயே மழலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஆங்கிலப் பாட்டை ஒப்பித்தால் கைதட்டுகின்றோம். நிலவைக் காட்டிச் சோறூட்டிய பாட்டை மறந்துவிட்டோம். இங்கு வற்றினால் அங்கு எப்படி ஊறும்?

செய்ய வேண்டுவன எளியவை. ஒன்று, திரையில் பிள்ளையைப் பார்க்கும்போது "சாப்பிட்டாயா" என்பதோடு நில்லாமல் பாடுங்கள். சாய்ந்தாடும் பாட்டும் கைவீசும் பாட்டும் போதும். இரண்டு, பதிவுசெய்த படங்களை ஓடவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒன்பது திங்கட் குழவியர் நேரில் பழகியவரிடமிருந்து சீனமொழியின் ஒலியைப் பிரித்தறியக் கற்றனர். அதே பேச்சைப் படமாகக் கண்டவர்கள் கற்கவில்லை. ஆதலின் இங்குப் பாட்டி பாட, அங்குத் தாய் மடியிலிருத்திக் கூடப்பாட வேண்டும். மூன்று, தந்தையரும் பாடுக. குரல் நன்றாக இல்லையே என்று நாணற்க. குழவி இலக்கணம் பார்ப்பதில்லை.

உங்கள் ஏரியைப் பாருங்கள். ஏறத்தாழ 364 கோடிக் கன அடி நீர் கொள்ளும் இவ்வேரி, ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கியே கோடையில் சென்னைக்கு நீர் வார்க்கின்றது. மழை நாளில் மதகைத் திறந்துவிட்டுச் சித்திரையில் நீர் தேடுவார் உண்டோ? பிள்ளையின் முதலிரண்டு ஆண்டுகளே தமிழுக்கு மழைக்காலம். இன்றிரவே பாடத் தொடங்குங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் மழலையர்!