ஒரு வீட்டில் இரு கணிப்பொறிகள்

கொல்கத்தா நகரின் வடபுறம், பாரக்பூர் நெடுஞ்சாலையில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். பேராசிரியர் மகாலனோபிஸ் 1931-ஆம் ஆண்டில் தோற்றுவித்த நிறுவனம் அது. 1955-இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி. 2எம் என்னும் கணிப்பொறி கப்பலேறி அங்கே வந்து சேர்ந்தது. இலக்க முறையில் இயங்கும் கணிப்பொறி நம் நாட்டில் கால் வைத்தது அதுவே முதல் முறை. அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் நாட்டிலிருந்து யூரல் என்னும் மற்றொரு பொறியும் வந்தது. ஆங்கிலப் பொறி துளையிட்ட அட்டைகளைப் படித்தது. ருஷ்யப் பொறியோ துளையிட்ட படச்சுருளைப் படித்தது. ஒரே வளாகத்தில் குடியிருந்த அவ்விரண்டும் ஒன்றின் ஏட்டை மற்றொன்று வாசிக்க மாட்டாதவை. இடையே மனிதர் ஒருவர் நின்றால்தான் உறவு.

இன்று அதே நிலை நம் இல்லங்களுக்குள்ளேயே வந்து விட்டது. ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டி, லேக் மார்க்கெட் வட்டாரத்தில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். முன்னறையில் பாட்டனாரின் பழைய விண்டோஸ் கணிப்பொறி. அதன் பக்கத்தில் அச்சுப்பொறி. இருபது ஆண்டுகளாக ஊருக்கு எழுதிய கடிதங்கள், பாட்டியாரின் சமையற் குறிப்புகள், பேரக் குழந்தைகளின் ஜாதகங்கள், சங்கத்து ஆண்டறிக்கைகள் எல்லாம் அதனுள் தமிழிலே கிடக்கின்றன. உள்ளறையில் கல்லூரி மாணவியான பேத்தியின் மடிக்கணினி. அதில் இருப்பது லினக்ஸ். விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான பராமரிப்பை அதை ஆக்கிய நிறுவனம் 14 அக்டோபர் 2025 அன்று நிறுத்திக்கொண்டது. பழைய பொறிகள் பல அடுத்த பதிப்பை ஏற்கமாட்டா. ஆகவே, சாந்தினி சௌக்கில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. தள்ளுவதற்கு முன்பு அவ்விரு பொறிகளையும் ஒருமுறை பேச வைத்துப் பாருங்கள் என்பதே நாம் சொல்ல வந்தது.

பேச முடியுமா என்றால், முடியும். அதற்கு வழி செய்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்னும் ஆஸ்திரேலியர். 1991-ஆம் ஆண்டின் இறுதியில் கான்பெரா நகரின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, தம் மேசையிலிருந்த கணிப்பொறியிலிருந்து அங்குள்ள பெரிய யூனிக்ஸ் பொறியின் வட்டைப் பயன்படுத்த விரும்பினார். இரண்டுக்கும் பொதுமொழி இல்லை. ஆகவே கம்பி வழியே போய்வரும் சொற்களை ஒட்டுக்கேட்டு, இது கேள்வி, இது பதில் என்று பிரித்தறிந்து, அதைப்போலவே பதில் சொல்லும் நிரலை எழுதினார். தாம் கற்றது எம்மொழி என்பதே அவருக்குப் பின்னர்தான் விளங்கிற்று. அயல்நாட்டுச் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து, பிறர் பேசுவதைக் கேட்டு மொழி பழகுவது போன்றது அவ்வேலை என்று பிற்காலத்தில் அவர் விளக்கியதுண்டு. திருமணமாகி இவ்வூருக்கு வந்த நம் தாய்மார்கள் மீன் கூடைக்கும் காய்கறிக் கூடைக்கும் நடுவே நின்று வங்காளி பேசக் கற்றதும் இம்முறையிலன்றோ!

அம்மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்து, மைக்ரோசாஃப்டின் கையில் வளர்ந்தது. டிரிட்ஜெல் தம் நிரலுக்கு முதலில் வைத்த பெயரை வேறொரு நிறுவனம் தன்னுடையது என்று உரிமை கோரவே, எஸ், எம், பி ஆகிய மூன்றெழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடி, 'சாம்பா' என்பதைப் பிடித்தார். இது தஞ்சைச் சம்பா நெல் அன்று, பிரேசில் நாட்டு நடனம். பல்லாண்டுகள் ஒட்டுக்கேட்டே வளர்ந்த சாம்பாவுக்கு, ஐரோப்பிய ஆணையம் தொடுத்த வழக்கின் பயனாக, 2007 டிசம்பரில்தான் மைக்ரோசாஃப்டின் இலக்கண ஏடுகள் முறைப்படி கிடைத்தன.

இனி நடைமுறை. இரு பொறிகளும் வீட்டிலுள்ள ஒரே ரவுட்டரோடு இணைந்திருக்க வேண்டும். பாட்டனாரின் பொறியில் கடிதங்கள் உள்ள கோப்புறை ஒன்றை மட்டும் 'பகிர்வு' என்று குறித்து, இது வீட்டு வலை, நம்பத்தக்கது என்று விண்டோஸுக்கு அறிவித்து விட்டால், லினக்ஸின் கோப்பு மேலாளரில் எஸ்.எம்.பி. என்று தொடங்கும் முகவரியை இட்டு அதைத் திறக்கலாம். இவ்வளவுதான் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் பெரும்பாலோர் இடறுவது அடுத்த படியில்: பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, எதைக் கொடுத்தாலும் மறுக்கிறது. வீட்டுப் பொறிக்குப் பூட்டு எதற்கு என்று பாட்டனார் கடவுச்சொல்லே வைத்திருக்க மாட்டார். கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் வலை வழியே உள்ளே விடுவதில்லை. அல்லது நான்கு இலக்கப் பின் எண் வைத்திருப்பார். அந்த எண் அப்பொறியின் முன்னால் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும். ஆகவே பகிர்வுக்கென்று தனியே ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் உண்டாக்கிக்கொண்டால் தொல்லை தீரும். மறுபுறத்திலும் இதே கதைதான். பேத்தியின் பொறியில் சாம்பாவை நிறுவினால், லினக்ஸில் நுழையும் கடவுச்சொல்லைச் சாம்பா ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணக் கூடாது. அதற்கென்று வேறாகக் கடவுச்சொல் பதிய வேண்டும்.

இணையத்தில் சில பழைய குறிப்புகள், 'எஸ்.எம்.பி. முதற் பதிப்பை இயக்கி விடுங்கள், எல்லாம் சரியாகி விடும்' என்று கூறுகின்றன. அதைச் செய்யவே வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்னும் கேடு, அப்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே பொறிக்குப் பொறி தாவிற்று. இம்மாநிலத்தில் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து மின் பகிர்மான அலுவலகங்கள் சிலவும் அதில் சிக்கின. ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்னரே வெளிவந்திருந்தும், போடாதவர்கள் இருந்தார்கள். பராமரிப்பு நின்ற பழைய விண்டோஸை நீண்ட நாள் வலையில் திறந்து வைப்பது அதே ஆபத்தை வரவழைப்பதாகும். வேலை முடிந்ததும் பகிர்வை மூடி விட வேண்டும்.

அச்சுப்பொறியின் கதை சற்று விசித்திரமானது. லினக்ஸில் அச்சடிப்பைக் கவனிப்பது 1999-இல் வெளிவந்த கப்ஸ் என்னும் அமைப்பு. அண்மைக்கால வைஃபை அச்சுப்பொறிகளை அது தானே கண்டுகொள்ளும். ஆனால், பழைய லேசர் பொறிகள் சிலவற்றுக்கு விண்டோஸுக்கு மட்டுமே இயக்கி நிரல் நன்கு கிடைக்கும். விண்டோஸ் பொறியில் அதைப் பகிர்ந்து விட்டால் போதுமென்று நினைத்தால் ஏமாற்றமே. அனுப்புகின்ற லினக்ஸிலும் அதற்கேற்ற இயக்கி இருந்தாக வேண்டும். எளிய மாற்று ஒன்றுண்டு. அச்சிட வேண்டியதைப் பி.டி.எஃப். ஆக்கிப் பகிர்ந்த கோப்புறையில் போட்டு விட்டு, பாட்டனாரை அழைத்து அச்சிடச் சொல்லலாம். அவருக்கும் ஒரு வேலை ஆயிற்று.

கோப்புகள் பேத்தியின் பொறிக்கு வந்து சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். திறந்து பார்த்தால் அங்கே தமிழைக் காணோம்! ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஏதோ கிறுக்கல். வழியில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கோப்பு உள்ளது உள்ளபடியே வந்திருக்கிறது. யூனிகோடு பரவுமுன்னர் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழை உட்கார்த்தி வைத்தன. அதிலும் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு வரிசையில். சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என இரு குறியீடுகளைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. 2010-இல்தான் யூனிகோடைத் தரமாக ஆணையிட்டது. அதற்கு முற்பட்ட கடிதம், அது எழுதப்பட்ட எழுத்துரு இல்லாத பொறியில் ஊமையாகவே இருக்கும். சாம்பா கோப்பைச் சுமந்து வரும். உள்ளிருக்கும் எழுத்தை மாற்றாது.

இதனால்தான் பழைய பொறியை அவசரப்பட்டு விற்க வேண்டாம் என்கிறோம். எழுத்துருக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. எந்தக் கடிதம் எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதை அங்கேதான் ஐயமின்றிப் பார்க்க முடியும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற எழுத்து மாற்றிகளும் விண்டோஸில் ஓடுபவை. ஆகவே முதலில் அங்கேயே யூனிகோடுக்கு மாற்றி, பிறகு பகிர்வது நலம். மாற்றிய பின் இரண்டொரு பக்கங்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி நிற்பதுண்டு. எழுத்துருக் கோப்புகளையும் மூலக் கோப்புகளையும்கூட ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியோ வினாக்குறியோ வேண்டாம். லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது.

பூஜை விடுமுறையில் ஓரிரு பிற்பகல்கள் இதற்குப் போதும். அதன் பின்னரும் பழைய பொறியை விற்றுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதிலும் லினக்ஸை ஏற்றி, சாம்பாவை வைத்து, வீட்டுக் கோப்புகளுக்கெல்லாம் பொதுப் பரணாக ஆக்கிக்கொள்ளலாம். ஆயினும், வட்டைத் துடைக்கும் முன்பு, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்த்து, அருகிலிருக்கும் அச்சுப்பொறியில் ஒரு தாள் அடித்துப் பாருங்கள். அடிக்க மறுத்தால், அந்த அச்சுப்பொறி இருக்கும்வரை விண்டோஸை அப்படியே விட்டு, ரவுட்டரோடு உள்ள தொடர்பை மட்டும் துண்டித்து விடலாம். அச்சிட வேண்டியதைப் பேத்தி பென் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பாள்.