அடி விழும் வீடும் அடுத்த வீடும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று பல பிரச்சினைகளுக்காக நாம் கூடுகிறோம். இன்று வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அது புருஷன் பெண்டாட்டி விவகாரம்" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் போராடி, போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் பெற்றார்கள். கம்பெனியை அசைக்கும் வலிமை நம் பெண்களுக்கு உண்டு. அப்படிப்பட்ட உழைக்கும் பெண் இரவில் சொந்த வீட்டில் அடிபட்டு அழுதால், நம் உரிமைப் போராட்டம் வாசற்படியோடு நின்றுவிட்டது என்றுதான் பொருள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். கேரளத்தில் ஏறத்தாழ 10 பேர். நாம் எந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

"குடிதான் காரணம்" என்பார்கள். குடித்தவன் கங்காணியை அடிப்பதில்லை. பஸ் கண்டக்டரை அடிப்பதில்லை. தள்ளாடிக்கொண்டே வீடு வரை வந்து மனைவியைத்தான் அடிக்கிறான். திருப்பிக் கேட்க யாருமில்லை என்ற தைரியம்தான் காரணம்.

நம் பெண்ணுக்குக் கஷ்டம் இரட்டிப்பு. தாய்வீடு போடிக்கோ பொள்ளாச்சிக்கோ அப்பால் இருக்கிறது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. போலீஸ் ஸ்டேஷனில் மலையாளம். இந்த மூன்றையும் நினைத்தே வாய் மூடிக் கிடக்கிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. வீடு கணவன் பெயரில் இருந்தாலும், வாடகை வீடானாலும், சட்டப்படி அல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது. தேவையானால் அவனையே வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அடி மட்டுமல்ல, வசவும், கூலியைப் பிடுங்குவதும், சோற்றுக்குக் காசு தராததும் வன்முறையே. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

எல்லையில் வாழும் நமக்கு முக்கியமானது இது: அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். மூணாறில் அடிபட்டவள் போடியிலிருந்தும் வழக்கு நடத்தலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உதவி உண்டு. அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத, கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் வழி வைத்திருக்கிறது.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் கொடுத்தவர் மீது வழக்கு வராது என்று சட்டமே சொல்கிறது. லயத்தில் ஒரே சுவர்தானே நமக்கு நடுவில்? இந்தப் பக்கம் இருப்பவர் காதில் விழவில்லை என்று சொல்ல முடியுமா?

அடிபட்டவள் கதவைத் தட்டினால் திறவுங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், பிள்ளைகளைப் படுக்க வையுங்கள். காயம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்ல விடாமல், நடந்ததைச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் ஆகியவை அவள் கைக்கு வரட்டும். ஆபத்து நேரத்தில் 112. ஆலோசனைக்கும் உதவிக்கும் 181. தங்க இடம் வேண்டுமென்றால் குடும்பஸ்ரீயின் 'சினேகிதா' மையம் உண்டு. அவள் எங்கே இருக்கிறாள் என்பதைக் கடைத்தெருவில் பேசாதீர்கள். அடுத்து என்ன என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். இன்று திரும்பிப் போனாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளை மீண்டும் தட்டுவதற்கு உங்கள் கதவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

தோழர்களே, லயத்துப் பஞ்சாயத்தில் நான்கு ஆண்கள் உட்கார்ந்து, "அனுசரித்துப் போ" என்று அனுப்பி வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பெண்கள் இதற்கென்று பொறுப்பேற்கட்டும். அடிப்பவன் சங்க உறுப்பினர் என்றால், சங்கம் அவனுக்காகப் பேசாது என்று இன்றே தீர்மானம் போடுவோம். கூலிக்காக ஒன்றுகூடத் தெரிந்த நமக்கு, இதற்காகவும் ஒன்றுகூடத் தெரியும்.