முந்தி வந்தும் சந்தையை இழந்தது ஏன்? – கிரியேட்டிவ் நிறுவனம் தரும் வர்த்தகப் பாடம்

(வர்த்தகத் தலைமைத்துவம் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வர்த்தகத் தலைமைத்துவம் என்றதும் அமெரிக்க நிறுவனங்களையும் ஜப்பானிய நிறுவனங்களையும் உதாரணம் காட்டுவது வழக்கம். இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ஒரு சிறிய கடையில் பிறந்து, உலகச் சந்தையில் கொடிகட்டிப் பறந்து, அடுத்து வந்த பெரிய வாய்ப்பை இன்னொருவரிடம் பறிகொடுத்த நிறுவனம் ஒன்று உண்டு. அதுதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி.

பாடல் கேட்கும் கருவியை ஆப்பிளின் ஐபாட்டுக்கு ஓராண்டு முன்பே சந்தைக்குக் கொண்டு வந்தது கிரியேட்டிவ். அதன் காப்புரிமைக்காக ஆப்பிள் பின்னர் பணமும் கொடுத்தது. ஆனாலும் சந்தை ஆப்பிளின் கைக்குப் போனது. முந்தி வந்தவர், தரமான பொருள் செய்தவர், வழக்கிலும் பலன் கண்டவர் ஏன் சந்தையை இழந்தார்? தொழில் நடத்தும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

சைனாடவுனில் ஒரு சிறு கடை

கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கியவர் சிம் வோங் ஹூ. பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர். நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். ஹார்மோனிகா வாசிப்பதில் ஆர்வம் கொண்டவர். 1981இல் சைனாடவுன் பகுதியில் இருந்த பர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து திறந்தார்.

இசை ஆர்வமும் மின்னணுப் படிப்பும் அவரிடம் ஒன்று சேர்ந்தன. கணினி பேச வேண்டும், பாட வேண்டும் என்பது அவர் கனவு. 1980களின் நடுவில் கியூபிக் என்ற பெயரில் சொந்தமாகக் கணினி தயாரித்தார். அது விற்பனையாகவில்லை. கணினியை விட்டுவிட்டு, அதில் பொருத்தும் ஒலி அட்டையில் மட்டும் கவனம் செலுத்தினார். 1988இல் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே விற்கத் தொடங்கினார். அவருடைய முதல் ஒலி அட்டைகளுக்கும் பெரிய வரவேற்பு இல்லை.

ஒலி அட்டை வென்றது எப்படி?

அப்போது இந்தச் சந்தையில் முன்னணியில் இருந்தது கனடாவின் ஆட்லிப் நிறுவனம். கணினி விளையாட்டுகளைத் தயாரித்தவர்கள் அந்த அட்டைக்கு ஏற்றபடிதான் ஒலி அமைத்தார்கள். புதிய அட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதில் விளையாட்டு ஓடாவிட்டால் யார் வாங்குவார்கள்?

சிம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். 1989இல் அவர் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர், ஆட்லிப் பயன்படுத்திய அதே யமஹா சில்லைக் கொண்டிருந்தது. எனவே ஆட்லிப்புக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் எல்லாம் இதிலும் ஓடின. அதற்கு மேல் மனிதக் குரலையும் துப்பாக்கிச் சத்தத்தையும் அப்படியே ஒலிக்கும் வசதி இருந்தது. ஜாய்ஸ்டிக் செருகும் இடமும் அதே அட்டையில் இருந்ததால், அதற்கென்று தனி அட்டை வாங்கும் செலவு மிச்சம்.

வாங்குபவருக்கு எந்தச் சிரமமும் இல்லை, லாபம் மட்டுமே. அதனால்தான் கடைக்காரர்களும் விளையாட்டு தயாரிப்பாளர்களும் சவுண்ட் பிளாஸ்டர் பக்கம் வந்தார்கள். 1992இல் ஆட்லிப் நொடித்துப்போனது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அந்தச் சந்தையில் நுழைந்த முதல் சிங்கப்பூர் நிறுவனம் அதுவே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலி அட்டைச் சந்தையில் முந்தி வந்தவர் ஆட்லிப். பிந்தி வந்து வென்றவர் கிரியேட்டிவ். பத்தாண்டு கழித்து அதே பாடம் கிரியேட்டிவுக்கே திரும்பி வந்தது.

ஐபாட் வந்த நேரம்

கணினித் தயாரிப்பாளர்கள் ஒலி வசதியைக் கணினியின் தாய்ப்பலகையிலேயே சேர்க்கத் தொடங்கியதும், தனியாக ஒலி அட்டை வாங்கும் தேவை குறைந்தது. அடுத்த தொழிலைத் தேட வேண்டிய நிலை. அதையும் சிம் முன்கூட்டியே கண்டார். 2000இல் நோமேட் ஜூக்பாக்ஸ் வெளிவந்தது. 6 கிகாபைட் வன்தட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைச் சேமிக்கலாம்.

ஐபாட் வந்தது 2001 அக்டோபரில். அதன் கொள்ளளவு 5 கிகாபைட்தான். முதலில் ஆப்பிள் கணினி வைத்திருப்போர் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும். விலையும் 399 அமெரிக்க வெள்ளி. ஏட்டளவில் பார்த்தால் கிரியேட்டிவ் பயப்படவே வேண்டியதில்லை.

ஆனால் நோமேட் ஒரு சிடி பிளேயர் அளவுக்குப் பெரியது. ஐபாட் சட்டைப் பையில் அடங்கியது. நோமேட்டில் அன்றைய யூஎஸ்பி இணைப்பு வழியாகப் பாடல்களை ஏற்றப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆயிரம் பாடல்களைப் பத்தே நிமிடத்தில் ஏற்றலாம் என்றது ஆப்பிள். கட்டைவிரலால் ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் வேண்டிய பாடல் வந்தது. 2003இல் பாடல்களைச் சட்டப்படி வாங்கும் இணையக் கடையையும் ஆப்பிள் திறந்தது. அதே ஆண்டில் விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கும் அந்தக் கடையின் கதவு திறந்தது.

கிரியேட்டிவ் என்ன செய்தது? மாடல்களைப் பெருக்கியது. நோமேட், மூவோ, ஸென் என்று வரிசையாக வந்தன. ஐபாட்டில் இல்லாத பண்பலை வானொலியும் குரல் பதிவு வசதியும் ஸென் மைக்ரோவில் இருந்தன. வசதிகளைப் பட்டியலிட்டால் கிரியேட்டிவ் முன்னால் நிற்கும். பயனீட்டாளர் பட்டியலைப் பார்த்து வாங்கவில்லை. தம் சிரமம் எதில் தீர்கிறது என்று பார்த்து வாங்கினார். பத்தாண்டுக்கு முன் சவுண்ட் பிளாஸ்டர் வென்றதும் இதே காரணத்தால்தான்.

பணபலம் மட்டும்தானா?

“ஆப்பிளிடம் பணம் இருந்தது, சிறிய நாட்டு நிறுவனம் என்ன செய்யும்?” என்று சிலர் கேட்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2004 நவம்பரில் ஐபாட்டை எதிர்த்து 100 மில்லியன் அமெரிக்க வெள்ளி செலவில் விளம்பரப் போர் நடத்தப்போவதாக சிம் அறிவித்தார். ஓராண்டு கழித்து, ஃபிளாஷ் நினைவகச் சில்லுகள் தடையின்றிக் கிடைப்பதற்காக ஐந்து தயாரிப்பாளர்களுக்கு 1.25 பில்லியன் அமெரிக்க வெள்ளியை முன்பணமாகத் தர ஆப்பிள் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த அளவில் போட்டியிட கிரியேட்டிவால் முடியாது.

ஆனால் மறுபாதியையும் சொல்ல வேண்டும். ஐபாட் வெளிவருவதற்குச் சற்று முன் முடிந்த 2001ஆம் நிதியாண்டில் ஆப்பிளே நட்டத்தில் இருந்தது. பெரும் லாபம் பின்னால்தான் வந்தது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் போட்டி பணத்தைப் பற்றியது அன்று. பயனீட்டாளரை யார் சரியாகப் புரிந்துகொண்டார் என்பதைப் பற்றியது. அந்த ஆண்டுகளைத்தான் கிரியேட்டிவ் தவறவிட்டது. விளம்பரப் போர் அறிவிக்கப்பட்டபோது, போரின் பெரும்பகுதி முடிந்திருந்தது.

காப்புரிமை தந்ததும் தராததும்

பாடல்களைப் படிப்படியான பட்டியல் வழியே தேடும் முறைக்கு 2001 ஜனவரியில் கிரியேட்டிவ் காப்புரிமை கேட்டிருந்தது. 2005 ஆகஸ்டில் அது கிடைத்தது. 2006 மே மாதம் ஆப்பிள் மீது வழக்குத் தொடுத்தது. ஆப்பிளும் எதிர்வழக்குப் போட்டது. மூன்று மாதத்தில் சமரசம் ஏற்பட்டு, ஆப்பிள் 100 மில்லியன் அமெரிக்க வெள்ளி கொடுத்தது.

சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு அது பெருமைக்குரிய வெற்றிதான். அதே உடன்பாட்டின்படி, ஐபாட்டுக்கான துணைக்கருவிகளைத் தயாரிக்கும் திட்டத்திலும் கிரியேட்டிவ் சேர்ந்தது. போட்டியாளர், போட்டியாளரின் பொருளுக்குத் துணைப்பொருள் செய்பவராக ஆனார். காப்புரிமை கண்டுபிடிப்பைக் காக்கும். சந்தையை மீட்டுத் தராது. 2007இல் கிரியேட்டிவ் நாஸ்டாக்கிலிருந்து விலகியது.

திரும்பும் துணிவு

1999இல் சிம் எழுதிய நூலில் ஒரு கருத்து புகழ்பெற்றது. சிங்கப்பூர்ச் சாலைகளில் திரும்பலாம் என்ற பலகை இருந்தால்தான் வாகனத்தை வந்த வழியே திருப்ப முடியும். அமெரிக்காவில் திரும்பக் கூடாது என்ற பலகை இல்லாத இடத்தில் திரும்பலாம். அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்கும் மனப்பான்மை புதுமைக்குத் தடை என்றார் அவர்.

அவர் வாழ்க்கை அந்தக் கருத்துக்குச் சான்று. கணினியை விட்டு ஒலி அட்டைக்குத் திரும்பினார். ஒலி அட்டையிலிருந்து பாடல் கருவிக்குத் திரும்பினார். ஐபாட்டுக்கு எதிராக மட்டும், வேறு பாதைக்குத் திரும்பாமல் நேருக்கு நேர் மோதினார்.

ஆப்பிளோ தன் பொருளையே விட்டுத் திரும்பியது. ஐபாட் நன்றாக விற்றுக்கொண்டிருந்த 2007இல், அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஐஃபோனைக் கொண்டு வந்தது. தன் பொருளின் விற்பனை விழும் என்று தெரிந்தே செய்தது. 2022இல் ஐபாட் முற்றிலும் நிறுத்தப்பட்டது. ஐபாட்டோடு மோதி வென்றிருந்தாலும் அந்தச் சந்தை நிலைத்திருக்காது என்பது இப்போது தெரிகிறது.

நமக்கு என்ன பாடம்?

நேயர்களே, இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான பாடமன்று. சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கும், பிரிக்ஃபீல்ட்ஸில் உணவகம் நடத்துபவருக்கும் இது பொருந்தும். “எங்கள் கடையில்தான் வகைகள் அதிகம், நாங்கள்தான் இங்கே முதலில் வந்தோம்” என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் வாடிக்கையாளர் எங்கே சிரமப்படுகிறார்? வாகனம் நிறுத்த இடம் தேடுகிறாரா, வரிசையில் காத்திருக்கிறாரா, விலை தெரியாமல் தயங்குகிறாரா? அதைத் தீர்ப்பவரே நாளைய கடைக்காரர்.

போட்டியாளர் பெரிதாக வளர்ந்த பிறகு அவர் வழியிலேயே அவரோடு மோதுவதா, நமக்கு ஏற்ற வழிக்குத் திரும்புவதா என்பதைக் கையில் பணம் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பணம் கரைந்த பின் எடுக்கும் முடிவில் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது.

சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில், தமது 67ஆவது வயதில் காலமானார். கடைசி வரை நிறுவனத்தை அவரே வழிநடத்தினார். ஆட்லிப்பைப் போல் கிரியேட்டிவ் அழிந்துபோகவில்லை. ஒலிபெருக்கிகளும் ஹெட்போன்களும் செய்து தொடர்ந்து நடந்தது. அவர் இழந்தது ஒரு சந்தையை. பலதுறைக் கல்லூரியில் படித்த ஒரு சிங்கப்பூர் இளைஞர் உலகச் சந்தையின் கதவைத் தட்ட முடியும் என்று அவர் காட்டியது நிலைத்திருக்கிறது. கதவு திறந்த பிறகு உள்ளே யார் காத்திருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் தலைமைத்துவம்.