கஞ்சியா? கல்கண்டா?

நடுவர் அவர்களே! பேசி முடிச்ச நிம்மதியில சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்குச் சுகமான காலம் நடுக்குளிர்காலமா, வசந்தகாலமா? வசந்தகாலமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “ஜனவரியில பனி பஞ்சு மாதிரி கிடக்கும், ஏப்ரல்ல கஞ்சியாப் போயிடும்”னார். ஐயா, கஞ்சிதான். யாருக்கு? பத்து மணிக்கு எழுந்து, காப்பி குடிச்சு, பேப்பர் படிச்சு, மத்தியானம் மலைக்குப் போறவருக்குக் கஞ்சிதான்! (சிரிப்பு)

அந்தப் பனி எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. பகல் வெயிலில் மேலே உருகும். இரவு வானம் தெளிவா இருந்தா, கல்லாட்டம் இறுகும். உருகி, உறைஞ்சு, மறுபடி உருகி, மறுபடி உறைஞ்சு, துகளெல்லாம் உருண்டு கல்கண்டுப் பொடி மாதிரி ஆகிவிடுகிறது. விடியற்காலையில் அது கண்ணாடி, கால் நிற்காது. வெயில் ஏற ஏற, மேலே ஒரு விரற்கடை மட்டும் இளகும். அடியில் உறுதி அப்படியே இருக்கும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கிறதே நடுவர் அவர்களே, வெண்ணெயில் கத்தி இறங்குற மாதிரி வழுக்கிக்கிட்டு வரலாம்! முதலில் கிழக்குச் சரிவு இளகும், அப்புறம் தெற்கு, கடைசியில் மேற்கு. சூரியன் பின்னாலேயே போகணும். நேரம் தப்பி நின்றால் ஆபத்து. ஈரம் ஏறிய பனி சரிந்து ஆளையே மூடிவிடும்.

“ஏப்ரல்ல பனி ஏது?” என்று கேட்டார் எதிரணி அம்மையார். தாயே, சுவிட்சர்லாந்தில் டாவோஸ் ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்று ஓர் இடம். 2,500 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே பனி அதிக ஆழமாகக் கிடப்பதே வழக்கமாக ஏப்ரலில்தான்! கீழே புல்வெளியில் பூ. மேலே ஆள் உயரப் பனி.

பகலைக் கணக்கு பாருங்க. டிசம்பர் கடைசியில் அங்கே எட்டரை மணி நேரம். ஏப்ரல் கடைசியில் ஏறத்தாழ பதினாலு. பிரான்சின் சமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை, மலைக்குடில்களில் தங்கித் தங்கி, பனியாறுகளைத் தாண்டிப் போகும் புகழ்பெற்ற பாதை ஒன்று உண்டு. ஸ்கீ மாட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் எப்போது கிளம்புகிறார்கள்? மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும்! நம்ம எதிரணியை ஜனவரியில் அனுப்பிப் பார்ப்போமா? (கைதட்டல்)

சிரிச்சது போதும். ஒரு வேதனையையும் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் ஆல்ப்ஸில் 11 நிலையங்களின் 1970 முதல் 2015 வரையான பனிக் கணக்கை ஆராய்ந்தார்கள். பனிக்காலம் சராசரியாக 12 நாள் தாமதமாகத் தொடங்குகிறது. 26 நாள் முன்னதாக முடிகிறது. தலையில் போனது 12, வாலில் போனது 26! 2022, 2023 இரண்டே ஆண்டில் சுவிஸ் பனியாறுகளில் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. பூமி சூடாகிறபோது முதலில் பறிபோவது, நான் இங்கே வாதாடுகிற இந்த வசந்தப் பனிதான். கஞ்சி என்று ஒதுக்கியவர்களுக்கு அது போவது தெரியாது. காலையில் எழுந்து காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே, சுகம் வசந்தகாலமே! அதைக் காப்பாற்ற வேண்டியது நாமே! இப்படியே தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.