காணாமல் போன நான்கு மீன்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘பி’ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். ஐந்து நிமிடம் மீனைப் பற்றிப் பேச அனுமதித்த செயலாளர் அவர்களுக்கு நன்றி.

லாபியில் இருக்கும் நான்கடி மீன் தொட்டியை நான்தான் கவனித்து வருகிறேன். கப்பி, மோலி, பிளாட்டி என்று மேலேயும் நடுவிலும் நீந்தும் மீன்கள்தான் அதில் இருந்தன. அடியில் தங்கும் தீனியைத் தின்ன ஒரு மீன் வேண்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் நான்கு குஹ்லி லோச் வாங்கி வந்தேன். விரல் நீளம், பாம்புக்குட்டி மாதிரி உடம்பு, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. தென்கிழக்கு ஆசிய ஓடைகளில் வாழும் மீன். மதுரைப் பக்கத்தில் குழம்பு வைப்பார்களே அயிரை, அதற்கு ஒருவகையில் சொந்தம்.

திங்கட்கிழமை காலை இரண்டுதான் கண்ணில் பட்டன. புதன்கிழமை ஒன்றுகூட இல்லை. ஸ்கூல் வேனுக்கு நிற்கும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டித் தேடிப் பார்த்தார்கள்.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன். காலையில் லாபியைத் துடைக்கும் அம்மாவிடம், நாலு பேர் நிற்கும்போதே, “தொட்டியில் யாராவது கை வைத்தார்களா?” என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை. “நான் எதுக்கு சார் மீனை எடுக்கப் போறேன்?” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். செக்யூரிட்டி தம்பியையும் கூப்பிட்டு சிசிடிவி பதிவைப் போடச் சொன்னேன். இரண்டு இரவுகளின் பதிவை ஓட்டிப் பார்த்தோம். யாரும் தொட்டிப் பக்கமே வரவில்லை.

ஒன்பதாம் நாள் ஃபில்டரைக் கழுவத் திறந்தேன். ஸ்பான்ஜுக்கு அடியில் இரண்டு மீன்கள் சுருண்டு கிடந்தன, உயிரோடு. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கின்றன. அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, மரக்கட்டைக்கு அடியிலிருந்து மூன்றாவது வெளியே வந்தது. நான்காவது மட்டும் தொட்டியின் பின்பக்கம், தரையில் காய்ந்து கிடந்தது. குழாய்க்காக மூடியில் நான் வெட்டிவிட்ட இடைவெளி வழியாக வெளியே விழுந்திருக்கிறது. ஆக, அந்த மீன் செத்ததற்குக் காரணம் என் அஜாக்கிரதை.

மறுநாள் காலை, அதே லாபியில், அதே ஆட்கள் இருக்கும்போது அந்த அம்மாவிடமும் தம்பியிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

நம் வீடுகள் பலவற்றில் தொட்டி இருக்கிறது. புதிய மீன் காணவில்லை என்றால் என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறேன்.

முதலில் பதற வேண்டாம். புது இடத்துக்கு வந்த மீன் சில நாள் ஒளிந்துகொள்வது இயல்பு. லோச், பிளெக்கோ போன்றவை இரவில்தான் நடமாடும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கல்லையும் செடியையும் மொத்தமாகக் கலைத்தால், இருக்கிற மீன்களும் மிரண்டுவிடும்.

அடுத்து ஃபில்டர். கை வைப்பதற்கு முன் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ஸ்பான்ஜைச் செருகிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

பிறகு தொட்டியைச் சுற்றியும் ஸ்டாண்டுக்குப் பின்னாலும் தரையைப் பாருங்கள். மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், மீனும் நுழையும்.

கூட இருக்கும் மீன்களையும் யோசியுங்கள். வாயில் அடங்குவதை மீன் விழுங்கும். வளர்ந்த ஏஞ்சலோடு சின்ன நியான் டெட்ராவை விட்டால், காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

எங்கும் கிடைக்கவில்லை என்றால், உள்ளே செத்திருக்கலாம். சின்ன மீனை நத்தைகளும் மற்ற மீன்களும் சீக்கிரமே தின்றுவிடும். தின்னாமல் அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும்; மற்ற மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கும். கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், அதை நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள்.

இவ்வளவையும் நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். தொட்டிக்குள் தேடுவதற்கு முன் ஆளைத் தேடினேன். இங்கே பார்சல் காணோம், செருப்பு காணோம் என்று அடிக்கடி பேச்சு வருகிறது. அப்போதெல்லாம் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறோம் என்பதை நாம் எல்லோரும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூடியின் இடைவெளியை அடைத்துவிட்டேன். மூன்று லோச்சும் நலம். இரவில் டார்ச்சோடு வரும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். மீன் இன்று வெளியே வந்ததா என்று தினமும் காலையில் எனக்குச் சொல்வது அந்த அம்மாதான்.